கத்தி எடுத்தவனெல்லாம் டாக்டரா?

(ஒரு வாசகசாலை ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் பிளாஸ்டிக் சர்ஜரி என்னும் ரண சிகிச்சையைப் பற்றியதாகும். சுயமரியாதைக்காரர்களுக்கும் மூக்கைத் திருத்துவதற்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் சிரிக்கலாம். சம்பந்தம் இருக்கிறது. நமது ஜனங்கள் கோவிலில் பூசாரியின் முன் கைகட்டி நிற்பது போலவே ஆஸ்பத்திரியில் டாக்டரின் முன்னும் நிற்கிறார்கள். "உமக்கு என்ன யோக்கியதை?" என்று கேட்பதே பாவம் என்று பழக்கப்படுத்தப்பட்டிருக்கிறார்கள். இந்தப் பழக்கம் பூசாரியிடம் பணத்தோடு போகிறது. கத்தி பிடித்தவரிடமோ உயிரோடு போகிறது.

முதலில், இந்தப் பெயரைக் கேட்டு உடம்பில் பிளாஸ்டிக் சாமானை வைத்துத் தைப்பது என்று எண்ண வேண்டாம். உருவாக்குதல் என்னும் பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. தீயில் வெந்து சுருங்கிய கழுத்தை நிமிர்த்துவதும், பிளந்த உதட்டோடு பிறந்த குழந்தைக்கு உதட்டைச் சேர்ப்பதும், இயந்திரத்தில் அறுந்த விரலை ஒட்டுவதும் இந்த வைத்தியமே. வயிற்றுக் கொழுப்பை உறிஞ்சி எடுப்பதும், மூக்கை எடுப்பாக்குவதும் இதில் ஒரு பகுதி. இந்த அழகுப் பகுதியில்தான் பணமும் விளம்பரமும் அதிகம். ஆகவே அரைகுறைகளும் அதிகம்.

இதில் வேறொரு கூத்தும் உண்டு. 2014-ஆம் ஆண்டு அக்டோபரில் பம்பாயில் ஓர் ஆஸ்பத்திரி விழாவில் நாட்டின் பிரதம மந்திரியே, பிள்ளையாருக்கு யானைத் தலையைப் பொருத்திய பிளாஸ்டிக் சர்ஜன் ஒருவர் அக்காலத்திலேயே இருந்திருக்க வேண்டும் என்ற கருத்தில் பேசினார். அந்த டாக்டர் எந்தக் காலேஜில் படித்தார், எத்தனை பேருக்குச் செய்து எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று யாராவது கேட்டார்களா? கைதட்டினார்கள்!

உண்மையில் நடந்த ஒன்றைச் சொல்லுகிறோம். மைசூர் யுத்தத்தில் ஆங்கிலேயப் படைக்கு மாடு ஓட்டிய கவாஸ்ஜி என்பவரின் மூக்கைத் திப்புவின் ஆட்கள் அறுத்துவிட்டார்கள். பூனாவில் ஒருவர் அவருடைய நெற்றித் தோலை எடுத்துத் திருப்பிப் புது மூக்கு அமைத்தார். இங்கிலீஷ் டாக்டர்கள் அதைப் பார்த்து வியந்தார்கள். 1794-இல் லண்டன் பத்திரிகை ஒன்று படத்தோடு வெளியிட்டது. அதைப் படித்து ஆராய்ந்த கார்ப்யூ என்பவர் 1814-இல் லண்டனில் அதே முறையில் மூக்கு அமைத்துக் காட்டினார். பூனாவில் அதைச் செய்தவர் யார்? சாஸ்திரியா, சங்கராச்சாரியா? செங்கல் அறுக்கும் வகுப்பைச் சேர்ந்த ஒருவர் என்றே அந்தப் பத்திரிகை எழுதிற்று. ஆகவே திறமை பிறவியில் இல்லை, பழகிய கையில் இருக்கிறது. அந்தக் கை பழகியதா என்று பார்ப்பதே நம் வேலை.

பார்க்காவிட்டால் என்ன நேரும்? 2016-இல் சென்னையில் ஒரு வாலிபர் தலைமயிர் நடும் சிகிச்சைக்குப் போய் இரண்டொரு நாளில் மாண்டார். அவர் பாமரர் அல்ல. மருத்துவக் கல்லூரி மாணவர்! அவர் போன இடத்துக்கு முடிதிருத்தும் நிலையத்துக்கான உரிமம் மட்டுமே இருந்தது என்று அப்போது செய்தி வந்தது. டாக்டருக்குப் படித்தவரே விளம்பரத்தில் விழுந்தார் என்றால் நம்மைப் போன்றவர்கள் எவ்வளவு ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்!

சரி, எதைக் கேட்பது? எம்.பி.பி.எஸ். படித்து, பிறகு பொது ரண சிகிச்சையில் எம்.எஸ். 3 ஆண்டு, அதன் பிறகு பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். 3 ஆண்டு என்பதே வழக்கமான படிப்பு. அதற்கு நிகராக நேஷனல் போர்டின் பட்டமும் உண்டு. "அழகுக்கலை நிபுணர்" என்று போர்டில் எழுதிக்கொள்வது பட்டமல்ல. யூடியூபிலோ, பயிற்சிப் பட்டறையிலோ பார்த்த அளவில் இவ்வேலையைத் தொடங்கலாகாது என்று தேசிய மருத்துவ ஆணையமே 2022-இல் சொல்ல வேண்டியதாயிற்று என்றால் நிலைமையை யோசித்துப் பாருங்கள்! டாக்டரின் பதிவு எண்ணை அவர் தம் அறையிலும் சீட்டிலும் ரசீதிலும் காட்ட வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு விதி. அந்த எண்ணை மெடிக்கல் கவுன்சில் பதிவேட்டில் ஒத்துப் பாருங்கள்.

பட்டம் மட்டும் போதுமா? போதாது. கத்தி வைப்பவர் நீரேதானா, வேறு ஆளா? இதே சிகிச்சையை எத்தனை பேருக்குச் செய்தீர்? கெட்டுப்போனது எத்தனை? மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் யார், அவர் கடைசி வரை கூட இருப்பாரா? மூச்சுத் திணறினால் என்ன சாதனம் இருக்கிறது, எந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போவீர்? செய்யாமல் விட்டால் என்ன நஷ்டம்? இவற்றைக் கேளுங்கள். பொறுமையாகப் பதில் சொல்லுகிறவரே யோக்கியர். "என்மேல் நம்பிக்கை இல்லையா?" என்று கோபிக்கிறவரையும், ஆபத்தே இல்லை என்று சத்தியம் செய்கிறவரையும், இன்றே பணம் கட்டினால் பாதி விலை என்று ஆடித் தள்ளுபடி பேசுகிறவரையும் கண்டால் எழுந்து வந்துவிடுங்கள். இன்னொரு டாக்டரையும் கேளுங்கள். கையெழுத்துப் போடுமுன் காகிதத்தைப் படியுங்கள். தமிழில் சொல்லச் சொல்லுங்கள். ஏழைகள் கடன் வாங்கிப் போலியிடம் ஓட வேண்டாம். ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் முதலிய சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் இதற்கென்று தனிப் பிரிவே இருக்கிறது.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. வெந்த உடம்பைச் சீர்செய்வதும், தன் விருப்பத்துக்குத் தன் முகத்தைத் திருத்துவதும் அவரவர் உரிமை. ஆனால், மூக்குச் சப்பை என்று மாப்பிள்ளை வீட்டான் சொன்னதற்காகப் பெண் கத்தியின் கீழ் படுப்பதானால், திருத்த வேண்டியது பெண்ணின் மூக்கையா, அவன் புத்தியையா?

கடைசியாக, நாம் சொன்னதற்காகவும் எதையும் நம்பிவிடாதீர்கள். பதிவேட்டைப் பாருங்கள், விசாரியுங்கள், உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டதைச் செய்யுங்கள். கேள்வி கேட்பது அவமரியாதை அல்ல. அதுவே சுயமரியாதை என்று கூறி இத்துடன் முடித்துக்கொள்ளுகிறோம்.