விருந்தினர் கண்ட கடற்கரை



வேற்றூர் சென்ற எழுத்தாளர் அவ்வூரைப் பற்றி எழுதுவது இலக்கியத்தில் பழைய வழக்கம். அவ்வாறு எழுதப்படுவனவற்றுள் பெரும்பாலானவை சென்றவரின் வியப்பையோ சலிப்பையோ கூறுவன. ஊராரைக் கூறுவன சிலவே. அச்சிலவற்றுள் ஒன்று, ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் 1854 நவம்பரில், தாம் ஆசிரியராக இருந்த 'ஹவுஸ்ஹோல்டு வேர்ட்ஸ்' என்னும் வார இதழில் எழுதிய கட்டுரையாகும். 'நமது பிரெஞ்சுக் கடற்கரை ஊர்' என அதன் தலைப்பைத் தமிழில் கூறலாம். அதில் பேசப்படும் ஊர், பிரான்சின் வடகரையில் உள்ள பூலோஞ்-சுர்-மேர்.

1853, 1854, 1856 ஆகிய மூன்று ஆண்டுகளின் கோடைக் காலங்களை டிக்கன்ஸ் குடும்பம் அவ்வூரில் கழித்தது. மனைவி கேதரின், அவர்தம் தங்கை ஜார்ஜினா, பிள்ளைகள் எனப் பெரிய குடும்பம் அது. வில்கி காலின்ஸ் போன்ற நண்பர்களும் வந்து தங்கினர். ஓய்வுக்காக வந்த இடம் எனினும் எழுதுகோல் ஓய்ந்திருக்கவில்லை. 'பிளீக் ஹவுஸ்' 1853 ஆகஸ்டில் அங்கேதான் நிறைவுற்றது. அடுத்த ஆண்டு 'ஹார்டு டைம்ஸ்' அங்கேதான் முடிவுற்றது. 1856-இல் 'லிட்டில் டோரிட்' நாவலின் சில பகுதிகள் அங்கு எழுதப்பெற்றன. மகன்களுள் சிலர் அவ்வூரில் ஆங்கிலேயர் நடத்திய பள்ளியில் பயின்றனர். ஆதலின் அக்குடும்பத்திற்கும் ஊருக்கும் இருந்த உறவு, ஒரு முறை வந்து போகும் பயணியின் உறவன்று.

இவ்வூரின் வரலாறு இங்கு நோக்கத்தக்கது. 1803 முதல் 1805 வரை, இங்கிலாந்தின்மீது படையெடுக்கும் நோக்கத்துடன் நெப்போலியன் தன் பெரும்படையைத் திரட்டி நிறுத்தியிருந்த இடம் பூலோஞ். அந்நினைவுக்கு எழுப்பப்பட்ட உயர்ந்த தூண் ஊருக்கு வெளியே இன்றும் நிற்கின்றது. அரை நூற்றாண்டு கழிந்தபின், எந்த நாட்டை வெல்ல அங்குப் படை திரண்டதோ அந்த நாட்டுக் குடும்பங்கள் ஃபோக்ஸ்டன் துறையிலிருந்து நீராவிக் கப்பலேறி, அதே கரையில் கோடையைக் கழிக்க வந்திறங்கின.

மூன்று கோடைகளிலும் டிக்கன்ஸ் குடும்பத்துக்கு வீடு வாடகைக்குத் தந்தவர் பெர்டினாண்ட் போகூர்-முத்துவேல் என்பவர். பெயரின் பின்பகுதி தமிழ்ப் பெயர்போல் ஒலிப்பினும் அது பிரெஞ்சுச் சொல்லே. 'பரஸ்பரம்' என்பது அதன் பொருள். கணவன் தன் பெயரோடு மனைவியின் குடும்பப் பெயரையும் இணைத்துக்கொள்வது அப்பகுதியில் அன்று வழக்கமாக இருந்தது. கட்டுரையில் டிக்கன்ஸ் அவருக்கு 'லாயல் தெவாஸர்' எனப் புனைபெயர் சூட்டுகின்றார். அப்பெயரின் முன்பகுதி 'வாய்மை தவறாதவர்' என்று பொருள்படும்.

இந்த வீட்டுக்காரரே கட்டுரையின் உயிர் எனலாம். நகர மன்ற உறுப்பினர்; அகன்ற தோளும் நிமிர்ந்த நடையும் உடையவர்; தோட்டத்தில் வேலையாள்போல் உடுத்தித் தாமே பாடுபடுபவர்; நெப்போலியனிடம் அளவிறந்த பற்றுடையவர். வீடெங்கும் அம்மன்னனின் சிலைகளும் படங்களும் நிறைந்திருந்தன. குடிவந்த முதல் மாதம் முழுவதும், இருண்ட மூலையில் ஒரு பலகையைத் தொட்டாலும் நெப்போலியன் உருண்டு விழுவதும், கதவைத் திறந்தாலே நடுங்குவதும் தங்களுக்கு ஓயாத தொல்லையாக இருந்தன என்று டிக்கன்ஸ் நகைச்சுவை ததும்ப எழுதுகின்றார். இங்கிலாந்தை நடுங்க வைத்தவன், ஓர் ஆங்கிலக் குடும்பம் கதவைத் திறக்கும்போதெல்லாம் நடுங்குகின்றான். வீட்டுக்காரரின் பற்றை இழிவுபடுத்தாமலே அச்சிரிப்பு எழுகின்றது. தம் வீட்டில் தங்கவைக்கப்பட்ட படைவீரர்களிடம் அவர் காட்டிய பரிவும் அன்போடு விவரிக்கப்படுகின்றது.

அடுத்து, மீனவர். ஊரில் அவர்களுக்குத் தனிப் பகுதி, தனிக் கோயில்கள், தனி உடை, தம்முள்ளேயே மணவுறவு. வெறுங்காலுடன் நடக்கும் மீனவப் பெண்களின் மிடுக்கையும், அவர்தம் விழியொளியின் முன் பொன் காதணிகள் மங்கிப் போவதையும் டிக்கன்ஸ் வியந்து பேசுகின்றார். இறுதியில், இரு நாட்டு மக்களும் நெடுங்காலம் கலந்து வாழ்ந்தமையால் ஒருவரையொருவர் விரும்பவும், ஒருவரிடமிருந்து ஒருவர் கற்கவும், மூடத்தனமான வெறுப்புகளைக் கடக்கவும் பழகினர் என்பதே அவ்வூரின் சிறப்பு என முடிக்கின்றார்.

உயர்ந்த முடிவு அது. ஆயினும் ஒன்று எண்ணத்தக்கது. கட்டுரை முழுதும் விருந்தினரின் குரலே கேட்கின்றது. அந்த மீனவப் பெண் இவர்களைப் பற்றி என்ன நினைத்தாள்? அதற்கு அதில் இடமில்லை.

தமிழ் நெய்தல் திணையை அறிந்தவர்க்கு இவ்வேறுபாடு உடனே புலனாகும். நெய்தற் பாடல்களிலும் வெளியிலிருந்து ஒருவன் வருகின்றான். தேரேறி வரும் தலைவன், பரதவர் மகளைக் கண்டு மீள்கின்றான். ஆனால் அப்பாடல்கள் பலவற்றில் பேசுவது கரையே. தோழி பேசுகின்றாள், தலைவி பேசுகின்றாள், ஊரார் அலர் தூற்றுவதும் கேட்கின்றது. வந்து வந்து மீள்பவனை நோக்கி, மணந்து இங்கு உரியவனாகு என்று தோழி வற்புறுத்துகின்றாள். வரைவு கடாதல் என இலக்கணம் கூறும் அத்துறை, வந்து போகின்றவனிடம் கரை கேட்கும் கேள்வியேயாகும்.

பூலோஞ்சில் அக்கேள்வியை எழுப்பியது ஒரு நோய். 1856 கோடையின் இறுதியில் ஊரில் தொண்டை நோய் பரவிற்று. டிக்கன்ஸ் பிள்ளைகளை விரைந்து தாயகம் அனுப்பினார். குடும்பம் வீட்டைக் காலி செய்தது. அங்குத் தங்கியிருந்த ஆங்கில நகைச்சுவை எழுத்தாளர் கில்பர்ட் அ பெக்கெட், தம் சிறு மகன் இறந்த இரண்டாம் நாள், ஆகஸ்ட் 30-இல், தாமும் இறந்தார். ஆகவே டிக்கன்சின் அச்சம் வீண் அச்சமன்று. தந்தை செய்ய வேண்டியதையே அவர் செய்தார். ஆனால் போவதற்குத் தாயகம் இருந்தவர் போயினர். மீனவர் தெருவிலுள்ளோர்க்கு அதுவே தாயகம். வேனிலை மட்டும் கண்டவரின் ஏட்டில் அவ்வூரின் பனிக்காலம் இடம்பெறவில்லை.

குடும்பமாக அவர்கள் கழித்த கோடைகள் அத்துடன் முடிந்தன. 1858-இல் டிக்கன்சும் கேதரினும் பிரிந்தனர். எனினும் வீட்டுக்காரருடன் கொண்ட நட்பு முறியவில்லை. 1860-களில், பூலோஞ்சுக்கு அருகிலுள்ள கொந்தெத் சிற்றூரில், அதே போகூருக்குச் சொந்தமான சிறு வீட்டில் டிக்கன்ஸ் பலமுறை தங்கினார். நடிகை எல்லன் டெர்னனும் அங்கு உடனிருந்தார் என ஆய்வாளர் கருதுகின்றனர். உலகறியாமல் மறைத்த வாழ்வின் ஒரு பகுதியை அவர் நம்பி ஒப்படைத்தது அந்த மனிதரிடமே. பெயரில் இருந்த பரஸ்பரம் வாழ்விலும் இருந்தது.

இதிலிருந்து கவிஞர்கள் கொள்ளத்தக்கது யாது? வேற்றூரைப் பாட வேண்டா என்பதன்று. ஒரே வாயிலுக்கு மீண்டும் மீண்டும் சென்றமையாலும், கதவைத் திறந்தவரை மறவாமையாலும் டிக்கன்சின் எழுத்து மெய்ம்மை பெற்றது. அவருக்குக் கேளாத குரல் ஒன்றும் அக்கரையில் இருந்தது. அக்குரலைக் கேட்கும் செவியை நெய்தல் திணை தமிழ்க் கவிஞர்க்கு என்றோ அளித்துவிட்டது. பத்தாண்டு நிறைவு காணும் இவ்வட்டத்தின் கவிஞர்கள் இனி எந்தக் கரைக்குச் சென்று பாடினும், வந்தவரின் கண்ணோடு கரையின் குரலும் அப்பாடலில் இடம்பெறுமாக.