மலைக்கு வரும் விருந்தினர்

சுற்றுலாச் செல்வோர் எவற்றை நுகர்கின்றனர் என்று வினவினால், உணவு, தங்கும் அறை, ஊர்தி என்று உடனே விடை கூறிவிடலாம். இம்மூன்றுக்கும் விலை உண்டு, பற்றுச்சீட்டும் உண்டு. ஆயினும், பற்றுச்சீட்டில் இடம்பெறாத சில பொருள்களையும் அவர்கள் நுகர்கின்றனர். மாணவ நண்பர்களே, அந்த இரண்டாவது கணக்கைப் பற்றியே இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன்.

நமக்கு நன்கு அறிமுகமான நீலகிரியையே எடுத்துக்கொள்வோம். தோடரும் கோத்தரும் படகரும் வாழ்ந்து வந்த அம்மலையில், 1820களில் கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் உதகை நகருக்கு அடிகோலினார். 1908இல் மலை இரயில் உதகையை எட்டியது. அன்று சிலர் சென்று பல நாள் தங்கினர். இன்று பலர் சென்று சில நாளே தங்குகின்றனர். கோடைக்காலத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 20,000 வண்டிகள் நீலகிரிக்குள் நுழைவதாக 2024இல் உயர் நீதிமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மாவட்டத்தின் மக்கள்தொகையோ ஏழரை இலட்சத்தையும் எட்டவில்லை.

விருந்தினர் திரளும் காலத்தையும் நோக்குங்கள். அவர்கள் வருவது ஏப்ரல், மே மாதங்களில். தென்மேற்குப் பருவமழை தொடங்குவது ஜூன் மாதத்தில். நீர்நிலைகள் வற்றியிருக்கும் வேளையிலேயே நீரின் தேவை பெருகுகின்றது.

வீட்டில் குடத்து நீரை அளந்து செலவிடும் என் உறவினர் ஒருவர், உதகை விடுதியொன்றில் குழாயைத் திறந்துவிட்டபடியே முகம் மழித்துக்கொண்டிருந்தார். ஏன் என்று கேட்டேன். “வாடகை கொடுத்திருக்கிறோமே!” என்றார். அவர் ஊதாரி அல்லர். ஆனால், அவர் கொடுத்தது அறைக்கு வாடகை. நீருக்கு யாரும் அவரிடம் கணக்குக் கேட்கவில்லை. விலையில்லாப் பொருளே முதலில் வீணாகின்றது என்பதை நான் அன்று உணர்ந்தேன்.

அந்த நீர் குழாயில் பிறப்பதன்று. சோலைக் காடுகளும் புல்வெளிகளும் சதுப்பு நிலங்களும் மழையை உள்வாங்கிச் சிறுகச் சிறுக விடுவிப்பதனாலேயே ஓடைகள் கோடையிலும் ஓடுகின்றன. புதிய விடுதிக்கும் வண்டி நிறுத்துமிடத்திற்கும் அந்நிலத்தை மூடினால், நீரைச் செலவிடுவோர் பெருகுவதோடு, நீரைச் சேமிக்கும் இடமும் சுருங்குகின்றது.

அப்படியாயின் யாரும் மலைக்குச் செல்லலாகாதா? அவ்வாறு நான் கூறவில்லை. விருந்தினரை நம்பி வாழும் ஓட்டுநர்களும் சிறு வணிகர்களும் விடுதிப் பணியாளர்களும் அங்கே பல்லாயிரவர். வரவை நிறுத்துவது அவர்களுடைய அடுப்பை அணைப்பதாகும். வரவுக்கு ஓர் அளவும், நுகர்வுக்கு ஒரு கணக்கும் வேண்டும் என்பதே என் கருத்து.

கணக்கு வைத்தால் பழக்கம் மாறும் என்பதற்குச் சான்றும் உண்டு. காட்டில் எறியப்பட்ட மதுப்புட்டிகளின் உடைந்த சில்லுகள் யானைகளின் கால்களைப் புண்படுத்தின. எறியாதீர் என்னும் அறிவிப்புகள் பயன் தரவில்லை. 2022இல், உயர் நீதிமன்றத்தின் வழிகாட்டுதலால், நீலகிரியில் புட்டி ஒன்றுக்கு 10 ரூபாய் கூடுதலாகப் பெற்று, காலிப் புட்டியைத் திருப்பித் தந்தால் அத்தொகையை மீண்டும் அளிக்கும் முறை வந்தது. புட்டிகளில் பெரும்பாலானவை கடைக்குத் திரும்பின. மனிதர் மாறவில்லை, எறிவதற்கு ஒரு விலை ஏற்பட்டது, அவ்வளவே.

அளவு வகுக்கும் முயற்சியும் தொடங்கியது. 2024 மே மாதத்தில் மின்-அனுமதிச் சீட்டு நடைமுறைக்கு வந்தது. 2025ஆம் ஆண்டுக் கோடையில், வெளியிலிருந்து வரும் சுற்றுலா வண்டிகளுக்கு வார நாள்களில் 6,000 என்றும், வார இறுதியில் 8,000 என்றும் வரம்பு விதிக்கப்பட்டது. அரசுப் பேருந்துகளுக்கு அவ்வரம்பு இருக்கவில்லை. பலர் சேர்ந்து ஒரு பேருந்தில் செல்வது மலைக்குச் சுமை குறைவு என்பதை இதிலிருந்தே நீங்கள் அறியலாம்.

இறுதியாக ஒன்று. நீலகிரியின் ஓடைகள் பல பவானியிலும் மாயாற்றிலும் கலந்து, காவிரி வழியே சமவெளியை அடைகின்றன. மலையில் நாம் வீணாக்கும் நீரும், அங்கே நாம் விட்டுவரும் மாசும், கீழே வாழும் நம் உழவர்களின் கணக்கிலேயே சேருகின்றன. அடுத்த முறை உங்கள் கல்லூரி அங்கே உலாச் செல்லும்போது, செலவுக் குறிப்பேட்டில் ஒரு பக்கத்தை விலையில்லாப் பொருள்களுக்கென ஒதுக்குங்கள். எவ்வளவு நீர் செலவிட்டோம், எதை விட்டுவந்தோம் என்று எழுதுங்கள். அந்தப் பக்கத்தையும் நிரப்பிய பின்னரே, உலாவின் செலவை முழுமையாகக் கூட்டியவர்கள் ஆவீர்கள்.