சிவப்புப் புத்தகமும் நம் தோட்டங்களும்
(ஆயர் தாவார் கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



அரசாங்கத் திட்டம் என்றால் அது பெரிய காரியாலயத்தில் பெரிய மனிதர்கள் பேசும் பேச்சு, நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். பால் மரம் வெட்டுகிறவர்களுக்குத் திட்டம் புதிதா? ஒரு பக்கத்துப் பட்டை முடிந்தால் மறுபக்கம் திறக்கிறோம். வெட்டிய பட்டை மீண்டும் வளரப் பல வருடங்கள் காத்திருக்கிறோம். இன்றைய பாலுக்கு ஆசைப்பட்டுக் கட்டை காயப்பட வெட்டினால் நாளைக்குப் பால் ஏது? நாட்டை நடத்துவதும் இப்படித்தான்.

இந்த நாட்டில் திட்டமிடுதலுக்குப் பேர் போன ஒரு கதை உண்டு. 1957ல் சுதந்திரம் வந்தபோது கிராமங்கள் பலவற்றில் நல்ல சாலையும் இல்லை, குழாய்த் தண்ணீரும் இல்லை. துணைப் பிரதமராயிருந்த துன் அப்துல் ரசாக் கிராம அபிவிருத்தி இலாகாவைத் தம் கையில் எடுத்துக்கொண்டார். 1960ல் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு பெரிய சிவப்புப் புத்தகம் வந்தது. உள்ளே மாவட்டத்தின் படம். அதன்மேல் வைத்துப் பார்க்க மெல்லிய தாள்கள்; சாலைக்கு ஒன்று, தண்ணீருக்கு ஒன்று, பள்ளிக்கு ஒன்று என்று தனித்தனியாக. கம்பத்து மக்கள் தங்களுக்கு என்ன வேண்டும் என்று சொன்னார்கள். மாவட்ட அதிகாரியும் பல இலாகா அதிகாரிகளும் ஒரே மேசையில் அமர்ந்து, எது முதல், எது பிறகு என்று வரிசைப்படுத்தினார்கள். அது மாநிலத்துக்குப் போய், பிறகு கோலாலம்பூருக்குப் போயிற்று.

அத்துடன் நிற்கவில்லை. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் இராணுவமும் போலீசும் வைத்திருந்த நடவடிக்கை அறையைப் போலவே, அபிவிருத்திக்கும் ஓர் அறை வைத்தார்கள். எந்த வேலை எப்போது முடிய வேண்டும், எவ்வளவு முடிந்திருக்கிறது என்பதெல்லாம் சுவரில் தொங்கியது. ரசாக் நேரில் வந்து கேட்பார். சாக்குச் சொல்ல இடமில்லை, சுவர் சொல்லிவிடும். தேவையைக் கீழேயிருந்து கேட்டது, எல்லா இலாகாவும் ஒரே படத்தைப் பார்த்தது, தாமதம் கண்ணுக்குத் தெரிந்தது. இந்த மூன்றும்தான் அந்த ஏற்பாட்டின் பலம். அதை நாம் மனமாரப் பாராட்டுவோம்.

ஆனால் தோழர்களே, அந்தப் படத்தில் நம் லயங்கள் எங்கே? தோட்டம் கம்பெனியின் சொந்த நிலம். வீடும் தண்ணீரும் மருந்தும் முதலாளியின் பொறுப்பு என்று சொல்லி, பொதுவாக அரசாங்க அபிவிருத்தி தோட்டத்து வாசலோடு நின்றுவிட்டது. தனியார் நிலத்தில் நின்ற காரணத்தால் நம் தமிழ்ப்பள்ளிகள் பல, முழு உதவி பெறாமல் பகுதி உதவிப் பள்ளிகளாகவே காலம் தள்ளின. அதே சமயத்தில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல, தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றன. விற்றவனுக்கு நம்மேல் பொறுப்பில்லை. திட்டத்திலும் நம் பெயரில்லை. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நின்றோம்.

அப்போது சும்மா இருந்துவிட்டோமா? இல்லை. நம் பேரா மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிவைத்தார். பால்மரம் வெட்டியவர்களின் சிறு பங்குப் பணம் சேர்ந்து தோட்டங்களையே வாங்கியது. பாட்டாளிக்குத் திட்டமிடத் தெரியாது என்று இனி எவர் சொல்ல முடியும்?

இன்றைய நிலையைப் பார்ப்போம். ரப்பர் நின்ற இடங்கள் பலவற்றில் எண்ணெய்ப்பனை நிற்கிறது; வேறு பல இடங்களில் வீடமைப்புப் பகுதியும் தொழிற்சாலையும் வந்துவிட்டன. 2026 முதல் 2030 வரைக்குமான 13வது மலேசியத் திட்டம் 2025 ஜூலை 31ல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. அதைவிட நமக்குக் கிட்டத்தில் இருப்பது வட்டாரத் திட்டம். எந்த நிலம் எதற்கு என்று அதில்தான் வர்ணம் பூசுகிறார்கள். 1976ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டச் சட்டப்படி அந்த நகலை மக்கள் பார்வைக்கு வைத்து ஆட்சேபம் கேட்க வேண்டும். நம் பக்கத்தில் அதைத் தயாரிப்பது மஞ்சோங் நகராண்மைக் கழகம். நகல் வைக்கப்பட்டபோது போய்ப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? புல்டோசர் வந்தபிறகு கொடி பிடிப்பதைவிட, வர்ணம் காயுமுன் போய்க் கேட்பது மேல்.

ஆகவே ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு புத்தகம் போடுவோம். முதல் பக்கத்தில் தோட்டத்துப் படம்: லயம், பள்ளி, கோயில், ஆயாக் கொட்டகை, சுடுகாடு எல்லாம் அதில் இருக்கட்டும். இரண்டாவதில் குடும்பங்களின் கணக்கு. வேலை ஓய்வு வரும்போது சொந்த வீடில்லாதவர் எத்தனை பேர் என்பது. மூன்றாவதில் தேவைகள், வரிசைப்படி. எல்லாமே முதல் என்றால் எதுவும் முதலாகாது. நான்காவதில் எந்தக் காரியாலயத்துக்கு எந்தத் தேதியில் எழுதினோம், என்ன பதில் வந்தது என்பது.

வெட்டுக்காரர் சொல்லட்டும், கிராணிமார் எழுதட்டும். மாதந்தோறும் கூட்டத்தில் உரக்கப் படிப்போம். புத்தகம் வீடு கட்டித் தராது என்பது நமக்கும் தெரியும். ஆனால் படத்தில் இல்லாதவனுக்குப் பங்கு இல்லை என்பதை 1960லேயே நாம் பட்டு அறிந்தோம்.

அடுத்த கூட்டத்துக்கு வெறுங்கையோடு வராமல், ஒவ்வொரு தோட்டத்தாரும் அந்த முதல் பக்கத்தை வரைந்துகொண்டு வருவோம்.