வேடமும் நோன்பும்



திகம்பர முனிவர்க்குரிய மூலகுணங்கள் 28. நின்றுண்ணல், நாளுக்கு ஒருவேளையே உண்ணல், தரையில் துயிலல் போன்றவை ஊரார் கண்ணுக்குப் புலப்படுவன. உள்ளத்து ஆசையோ புலப்படாது. பொன்னூர் மலையில் தவமியற்றியவராகப் போற்றப்படும் குந்தகுந்தர் பெயரால் வழங்கும் லிங்க பாகுடம், முனிவேடம் பூண்டும் ஆடிப் பாடுவோரையும், பொருள் சேர்ப்போரையும், மணம் பேசி முடிப்போரையும், உழவிலும் வாணிகத்திலும் ஈடுபடுவோரையும் கடிந்துரைக்கிறது. வேற்றுச் சமயத்தாரைப் பற்றிய பேச்சன்று அது, தம்மவரைப் பற்றியது.

புலனாசையும் தொழிலும் உடைமையும் நீங்கி, ஞானத்திலும் தியானத்திலும் தவத்திலும் நிலைப்பவரே குரு என்கிறார் இரத்தினகரண்டகம் அருளிய சமந்தபத்திரர். உடைமையும் தொழிலும் இம்சையும் விடாத வேடதாரிகளைப் போற்றுதல் மூவகை மூடங்களுள் ஒன்று.

"பிறர் குற்றம் மறைக்கும் உபகூகனம் நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் ஒன்றன்றோ? குறை கண்டாலும் வாய் திறவாமையே முறையன்றோ?" எனச் சிலர் வினவுவர். அதற்கு விடை, அவ்வுறுப்புக்குச் சான்றாகக் கூறப்படும் ஜினேந்திரபக்தன் கதையிலேயே உள்ளது.

தாமிரலிப்தி நகர வணிகனான ஜினேந்திரபக்தனின் மாளிகையில் பார்சுவநாதர் திருவுருவின் குடையில் வைடூரியமணி ஒன்று இருந்தது. அதனைக் கவர எண்ணிய திருடன் க்ஷுல்லகர் வேடம் பூண்டு, நோன்பால் உடல் மெலிந்து, புகழோடு அங்கு வந்தான். மணியைக் காக்குமாறு வணிகன் வேண்டியபோது முதலில் மறுத்தான். அம்மறுப்பே நம்பிக்கையை வளர்த்தது. வணிகன் பயணம் புறப்பட்டு ஊர்ப்புறத்தே தங்கிய இரவில், மணியோடு ஓடினான். அதன் ஒளியே அவனைக் காவலர்க்குக் காட்டிக்கொடுத்தது. துரத்தப்பட்டவன் வணிகனிடமே அடைக்கலம் புகுந்தான். "என் சொற்படியே மணியைக் கொணர்ந்தார்" என்று கூறிக் காவலரை அனுப்பிவைத்தான் வணிகன். அறத்தின் பெயர் காக்கப்பட்டது.

கதை அங்கு முடியவில்லை. அன்றிரவே அக்கள்வனை வணிகன் வெளியேற்றினான். மறைத்தது அறத்திற்கு வரவிருந்த பழியை. வேடத்தைத் தொடர இடமளிக்கவில்லை. முற்பாதியை நினைவிற்கொண்டு பிற்பாதியை மறப்பவர் உபகூகனத்தை அறியாதவரே.

வழுவியவர் அனைவரும் கள்வரல்லர். துறவு பூண்டும் 12 ஆண்டுகள் மனைவியையே நினைந்திருந்த புஷ்பதாலரை, வாரிசேண முனிவர் தம் அரண்மனைக்கு அழைத்துச் சென்று, தாம் துறந்த தேவியரையும் செல்வத்தையும் காட்டி நாணச் செய்தார். மீண்டும் நெறியில் நிறுத்தினார். இதுவே ஸ்திதிகரணம்.

இல்லறத்தார்க்கும் இதில் பங்குண்டு. மணியைக் கள்வன் கையில் ஒப்படைத்தவன் வணிகனே. நோன்புக்கு ஒவ்வாததைப் பக்தியின் பெயரால் முனிவர்க்கு ஈவது தானமாகாது. அவர் நோன்பைக் களவாடுவதாகும். ஏற்றதை மட்டும் ஈவதும், வழுவினால் தனிமையில் பணிவோடு எடுத்துரைப்பதும், திருந்தாதாரை வணங்காமையுமே சிராவகர் கடன்.

வாழ்க அறம்!