பட்டத்தின் பெயரும் படிப்பின் தெளிவும்

பொறியியல் பயின்ற தம் பிள்ளைக்கு இயற்பியல் ஆராய்ச்சியின் கதவு அடைபட்டுவிட்டதோ என்று தில்லியிலும் மும்பையிலும் வாழும் பெற்றோர் சிலர் கவலையுறுகின்றனர். அக்கவலை வேண்டுவதில்லை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் அறிவியல் துறைகளின் முனைவர் பட்டப் படிப்புக்குப் பொறியியல் பட்டதாரிகளும் விண்ணப்பிக்கலாம். முதற்படி, தேசிய அளவிலான தகுதித் தேர்வு. அடுத்தது, நேர்முகத் தேர்வு. ஆங்கே பட்டத்தின் பெயர் துணைக்கு வாராது. அடிப்படைகளில் உள்ள தெளிவே துணை நிற்கும்.

1913ஆம் ஆண்டில், பட்டம் பெறாத இராமானுஜனுக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியது. 1911 முதல் அச்சேறிய அவருடைய கட்டுரைகள் அவருக்குச் சான்றாக நின்றன.

ஆதலின் இளைஞர்களே, விடுபட்ட பாடங்களை முயன்று கற்றுக்கொள்ளுங்கள். செய்த பணியை எழுத்தில் காட்டுங்கள். வந்த வழியை மறைக்க வேண்டா. அவ்வழியில் கற்றதைத் துணிந்து கூறுங்கள்.