மலையில் நாங்கள் வைத்த தீ
(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை)



நம் வட்டாரத்தின் காடு, மலை, விலங்குகள் பற்றிப் பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். சாத்தனூர் அணையின் முதலைப் பண்ணை, ஜவ்வாது மலையில் பீமன் அருவி, காவலூரில் 1986 முதல் இயங்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கி என்று ஒரு பட்டியல் எழுதி வைத்திருந்தேன். எல்லாமே போய்ப் பார்க்க வேண்டிய இடங்கள்தான். ஆனால் நேற்று இரவு நம்ம ஹாஸ்டல் மொட்டை மாடியில் நின்று மலையைப் பார்த்ததும் அந்தத் தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன். பதினைந்து வருஷத்துக்கு மேலாகச் சொல்லாமல் இருந்த ஒன்றை இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று வந்திருக்கிறேன்.

2009 மார்ச். நாங்கள் மூன்றாம் ஆண்டு. வார்டனுக்குத் தெரியாமல் ஆறு பேர் ராத்திரி மலையேறினோம். அனுமதி வாங்க வேண்டும் என்ற நினைப்பே எங்களுக்கு இல்லை. ஸ்கந்தாசிரமம் தாண்டி மேலே போய் ஒரு பாறையில் உட்கார்ந்தோம். கீழே நான்கு கோபுரங்களும் விளக்கொளியில் தெரிந்தன. ஒருத்தன் சின்ன மண்ணெண்ணெய் ஸ்டவ் கொண்டுவந்திருந்தான். டீ போட வேண்டும் என்பது அவனுடைய லட்சியம். காற்று அடித்தது, ஸ்டவ் சாய்ந்தது. அவ்வளவுதான். சுற்றிலும் ஆளுயரத்துக்குக் காய்ந்த புல். நீங்கள் பார்த்திருப்பீர்கள், கசக்கினால் எலுமிச்சை வாசம் வருமே, அந்தப் புல். அதில் எண்ணெய்ச் சத்து இருக்கிறது. பற்றிக்கொண்டால் பேப்பர் மாதிரிதான் எரியும். சட்டையைக் கழற்றி அடித்துப் பார்த்தோம். அணையவில்லை. ஓடிவந்துவிட்டோம்.

விடிந்ததும் ஹாஸ்டல் ஜன்னலில் பார்த்தால் சரிவில் மேல்நோக்கி ஒரு கறுப்புப் பட்டை. அதன் ஓரத்தில் ஆட்கள் பச்சைக் கிளைகளை வைத்து அடித்துக்கொண்டிருப்பது புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. மெஸ்ஸில் இட்லி சாப்பிட்டுக்கொண்டே ஆறு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை. "எந்தப் பாவி வைச்சானோ" என்று பரிமாறுகிற அண்ணன் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

நாங்கள் செய்தது எவ்வளவு பெரிய தப்பு என்பது வேலைக்குப் போய்ப் பல வருஷம் கழித்து, ஒரு விடுமுறையில் மரம் நடும் குழுவோடு குழி தோண்டப் போனபோதுதான் புரிந்தது. என்னோடு குழி வெட்டிய உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் விளக்கினார். தீ வந்தால் புல் சாவதில்லை. வேர் மண்ணுக்குள் பத்திரமாக இருக்கிறது, அடுத்த மழையில் முன்னைவிட அடர்த்தியாக வருகிறது. சாவது மரக்கன்றுதான். ஒரு தீயில் புல் ஜெயிக்கிறது, புல் ஜெயிப்பதால் அடுத்த தீக்கு எரிபொருள் தயார். இந்தச் சுற்று நின்றால்தான் மரம் வரும். நிழல் விழுந்துவிட்டால் புல் தானே மெலிந்துவிடும். மலைச்சரிவில் தீ ஏன் மேலே பாய்கிறது என்பதையும் அங்கேதான் யோசித்தேன். சுடுகாற்று மேலே ஏறி, மேலிருக்கும் புல்லை முன்கூட்டியே உலர்த்திவிடுகிறது. தெர்மோடைனமிக்ஸில் இரண்டு தடவை அரியர் வைத்தவனுக்கு இது தாமதமாகக் கிடைத்த பாடம்!

இந்த மலை 814 மீட்டர் உயரம். இதற்கு ஒரு காலத்தில் நல்ல காடு இருந்தது. 1896-இல் பதினாறு வயதில் இங்கே வந்த ரமண மகரிஷி, விரூபாக்ஷ குகையிலும் பிறகு ஸ்கந்தாசிரமத்திலும் வாழ்ந்த நாட்களில் சிறுத்தை வந்துபோனதை ஆசிரம வரலாறுகள் சொல்கின்றன. இப்போதும் ரமணாசிரமத்துக்குள் போனால் லட்சுமி என்ற பசுவுக்கும், ஒரு மானுக்கும், காகத்துக்கும், நாய்க்கும் சமாதி இருப்பதைப் பார்க்கலாம். அதன்பின் விறகும் மேய்ச்சலும் தீயுமாகச் சேர்ந்து மலையை மொட்டையாக்கின. 1980-களில் இங்கே படித்த மூத்த அண்ணன்கள் பார்த்தது பெரும்பாலும் பாறையும் புல்லும்தான். அவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.

1988-இல் அண்ணாமலை ரீஃபாரஸ்டேஷன் சொசைட்டி என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. பிறகு ஃபாரஸ்ட் வே அறக்கட்டளை, அதனோடு சேர்ந்த மருதம் பள்ளிப் பிள்ளைகள், வனத்துறை, சுற்று ஊர்க்காரர்கள் என்று பலர் கை கொடுத்திருக்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கன்று நடுவது பாதி வேலை. மழை முடிந்து புல் காய்வதற்குள் சரிவில் பட்டை பட்டையாகப் புல்லை அறுத்துத் தீத்தடுப்புக் கோடு போடுவது மீதிப் பாதி. கடினமானது அதுதான். இன்றைக்குக் கீழ்ச்சரிவில் உசிலையும் நாவலும் நிழல் தருகின்றன. மான் இருக்கிறது, மயில் இருக்கிறது, முள்ளம்பன்றியின் முள் வழியில் கிடக்கும். குளிர்காலத்தில் வடக்கேயிருந்து வரும் ஆறுமணிக் குருவி இலைச்சருகைக் கிளறுவதை நான் முதன்முதலாகப் பார்த்தது இங்கேதான். ஒன்பது நிறம் என்பார்கள், நான் ஏழுதான் எண்ணினேன், அதற்குள் பறந்துவிட்டது.

2024 டிசம்பர் 1-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் மழையில் வ.உ.சி. நகரில் மலைச்சரிவு இறங்கி 7 பேர் இறந்துபோனார்கள். அதில் 5 பேர் குழந்தைகள். அந்த மாதம் 13-ஆம் தேதி மகாதீபத்துக்குப் பொதுமக்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை. அந்தச் சரிவுக்கு மரமில்லாததுதான் காரணம் என்று சொல்ல நான் வரவில்லை. அப்படி ஒரு பேய்மழை, அதன் மேல் அடிவாரம் வரை வீடுகள். ஒற்றைக் காரணம் சொல்பவர்களை நான் நம்புவதில்லை. ஆனால் நான் சிவில்காரன். ரன்-ஆஃப் கோ-எஃபிஷியன்ட் என்று ஒரு எண்ணைப் போட்டுக் கணக்கை முடித்துவிடுவோமே, அந்த எண் மொட்டைப் பாறைக்கு என்ன, வேர் பிடித்த மண்ணுக்கு என்ன என்பது நம் எல்லாருக்கும் தெரியும். அந்தச் செய்தியைக் கேட்ட இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நாங்கள் எரித்த இடம் அதுவல்ல. இருந்தாலும் வரவில்லை.

தம்பிகளா, இந்த ஹாஸ்டலிலிருந்து இன்றைக்கும் சில பேர் ராத்திரியில் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். யார் என்று கேட்கமாட்டேன். மலையேற ஆசை இருந்தால் வனத்துறை அனுமதியோடு போங்கள், தீப்பெட்டி மட்டும் வேண்டாம். அட்வென்ச்சர்தான் வேண்டும் என்றால், ஜனவரி வெயிலில் கையில் அரிவாளோடு ஐம்பது அடி தூரத்துக்குத் தீத்தடுப்புக் கோடு போட்டுப் பாருங்கள். இடுப்பு சொல்லும்.

வரும் ஞாயிறு காலை ஐந்தரைக்கு எங்கள் செட்டில் நான்கு பேர் போகிறோம். முன்பதிவு எதுவும் இல்லை, கல்லூரி வாசலுக்கு வந்தால் போதும். முழுக்கைச் சட்டையும் ஷூவும் போட்டுக்கொண்டு வாருங்கள், அந்தப் புல் கையைக் கிழிக்கும். அன்றைக்கு ஸ்டவ் கொண்டுவந்த நண்பன் இதோ மூன்றாவது வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை டீ அவன் பொறுப்பு. வீட்டிலேயே போட்டு, ஃபிளாஸ்க்கில் கொண்டுவருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறான்.