மசோதா எந்த மேஜையில் இருக்கிறது?

(இளைஞர், வணிகர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பட்ஜெட் நாளன்று கல்லாவை விட்டு எழாமல் டி.வி.யைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் நீங்கள். தங்கத்துக்குச் சுங்கம் கூடியதா, தோலுக்குக் குறைந்ததா என்று அந்த நிமிடமே உங்களுக்குத் தெரிந்துவிடுகிறது. ஆனால் உங்கள் பள்ளிவாசல் சொத்தைப் பற்றிய மசோதா எட்டு மாதம் டெல்லியில் மேஜை மேஜையாக நகர்ந்ததே, எந்த வாரம் எந்த மேஜையில் இருந்தது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? உங்களைச் சங்கடப்படுத்த நான் வரவில்லை. எனக்கும் பாதிதான் தெரிந்தது.

வக்ஃப் திருத்த மசோதா 2024 ஆகஸ்ட் 8 அன்று மக்களவையில் தாக்கலானது. அன்று மாலையே தெருவெல்லாம் ஒரே பேச்சு: “சட்டம் வந்துவிட்டது!” வரவில்லை சகோதரர்களே. சரக்கு வந்து இறங்கியிருக்கிறது, இன்னும் பில் போடவில்லை, அவ்வளவுதான். மசோதா கூட்டுக்குழுவுக்குப் போனது. மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர், ஆக 31 உறுப்பினர்கள். தலைவர் ஜகதாம்பிகா பால். நம் மாநிலத்திலிருந்து ஆ.ராசா, எம்.எம்.அப்துல்லா ஆகியோர் அதில் இருந்தார்கள்.

அந்தக் குழு பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்தது. பொதுமக்கள் கருத்து எழுதலாம், 15 நாள் அவகாசம் என்று. செப்டம்பர் 30 அன்று சென்னைக்கே வந்து உட்கார்ந்து கேட்டது. சாமானியனுக்குத் திறந்திருந்த கதவு அதுதான். நாடு முழுவதிலுமிருந்து 97 லட்சத்துக்கும் மேற்பட்ட மனுக்கள் போய்க் குவிந்தன. பெரிய எண்ணிக்கைதான், மறுக்கவில்லை. ஆனால் கைபேசியில் வந்த வாசகத்தை அப்படியே தட்டிவிட்டு, கடமை முடிந்தது என்று இருந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? சர்வே எண், வக்ஃப் செய்த ஆண்டு, கெஜட்டில் வந்த பக்கம் இவற்றோடு ஒரு மஹல்லா எழுதும் ஒரு கடிதம் ஆதாரம். மற்றதெல்லாம் எண்ணிக்கை.

குழுவில் நடந்ததையும் கவனியுங்கள். 2025 ஜனவரி 24 அன்று எதிர்க்கட்சி உறுப்பினர்கள் 10 பேர் அன்றைய கூட்டத்திலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். ஜனவரி 29 அன்று அறிக்கை 15க்கு 11 என்ற வாக்கில் ஏற்கப்பட்டது. இடையில் ஒரு முக்கியமான ஷரத்து மாறியது. நீண்டகாலப் பயன்பாட்டினால் வக்ஃப் ஆனவை என்ற பிரிவையே முதல் மசோதா எடுத்துவிட்டிருந்தது. குழுவிலிருந்து வெளிவந்தபோது, சட்டம் அமலாகும் முன்பே பதிவானவை நீடிக்கும், தகராறில் உள்ளவையும் அரசு நிலமும் தவிர என்று ஆனது. பழைய பிரதியை வைத்துக்கொண்டு மேடையில் முழங்கியவர்களும் உண்டு! ஒரு மசோதாவுக்கு மூன்று பிரதிகள்: தாக்கலானது, குழு திருத்தியது, நிறைவேறியது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

பிறகு எல்லாம் வேகம். ஏப்ரல் 2 அன்று மக்களவையில் விவாதம் தொடங்கி, நள்ளிரவு தாண்டி 288க்கு 232. மறுநாள் இரவும் அப்படியே, மாநிலங்களவையில் 128க்கு 95. ஏப்ரல் 5 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல், 8 அன்று அமல். கதவு திறந்திருந்த 15 நாள் தூங்கிவிட்டு, கதவு சாத்தும் இரவில் விழித்திருந்து டி.வி. பார்த்தோம்.

எல்லா மசோதாவும் இப்படி எட்டு மாதம் அவகாசம் தராது. முத்தலாக் மசோதா 2017 டிசம்பர் 28 அன்று மக்களவையில் அறிமுகமாகி, அன்றே நிறைவேறியது. ஆனாலும் மாநிலங்களவையில் நின்றுபோய், 2019இல் மக்களவை கலைந்தபோது காலாவதியானது. அவசரச் சட்டங்கள் போட்டு ஓட்டினார்கள். மறுபடி கொண்டுவந்து 2019 ஜூலை 30 அன்று மாநிலங்களவையில் 99க்கு 84 என்று நிறைவேற்றினார்கள். வித்தியாசம் வெறும் 15. அன்று வெளிநடப்புச் செய்த கட்சிகள் உண்டு, வராமலே இருந்தவர்களும் உண்டு. வெளிநடப்பு எதிர்ப்பு அல்ல தோழர்களே. ஆளுங்கட்சிக்குத் தேவையான எண்ணிக்கையைக் குறைத்துக் கொடுக்கும் உதவி! ஆகவே ஓட்டுக் கேட்டு வருபவரிடம் “எதிர்த்தீர்களா?” என்று கேட்காதீர்கள். “எந்தப் பொத்தானை அழுத்தினீர்கள்?” என்று கேளுங்கள். குரல் வாக்கெடுப்போடு முடிந்துவிட்டால் யார் எந்தப் பக்கம் என்ற பதிவே இராது. உறுப்பினர் ஒருவர் எழுந்து பிரித்து எண்ணச் சொன்னால்தான் கணக்கு ஏட்டில் ஏறும். அதைக் கேட்கும்படி நம் உறுப்பினர்களிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

வாட்ஸ்அப் வதந்தி பற்றியும் ஒன்று. 2022 டிசம்பரில் பொது சிவில் சட்டத்துக்காக மாநிலங்களவையில் வந்தது தனிநபர் மசோதா, அரசு மசோதா அல்ல. சுதந்திர இந்தியாவில் இதுவரை 14 தனிநபர் மசோதாக்கள்தான் சட்டமாகியுள்ளன, கடைசியானது 1970இல். ஆகவே முதலில் தாக்கல் செய்தவர் அமைச்சரா, உறுப்பினரா என்று பாருங்கள். அந்தப் பதினான்கில் முதலாவது எது தெரியுமா? 1952இல் சையத் முஹம்மத் அஹ்மத் காஸ்மி கொண்டுவந்து, 1954இல் சட்டமான வக்ஃப் மசோதா. அதற்கும் முன்பு, 1913இல் ஜின்னா நிறைவேற்றிக்கொண்டதும் வக்ஃப் சட்டம்தான். மசோதாவைத் தாமே எழுதிக் கொண்டுபோன சமுதாயம் இது, ஐயா!

இளைஞர்களே, உங்களுக்கு வேலை இருக்கிறது. கூட்டத்தொடர் தொடங்குமுன் வரவிருக்கும் மசோதாக்களின் பட்டியல் வெளியாகிறது. அன்றன்றைய அலுவல் பட்டியலும், மசோதாவின் பிரதியும் நாடாளுமன்ற இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒவ்வொரு ஊரிலும் இருவர் போதும். ஒருவர் படிக்கட்டும், ஒருவர் தமிழில் ஒரு பக்கம் எழுதி ஜும்ஆ முடிந்ததும் பலகையில் ஒட்டட்டும். வணிகர்கள் ஜெராக்ஸ் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள்.

சட்டமான பின்னும் பயணம் நிற்பதில்லை. 2025 செப்டம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் சில பிரிவுகளை நிறுத்திவைத்தது. ஐந்தாண்டு இஸ்லாத்தைக் கடைப்பிடித்தவர் என்று காட்டவேண்டிய நிபந்தனை, அதற்கான விதிகள் வரும்வரை நிற்கிறது. முழுச் சட்டத்தையும் நிறுத்த மறுத்துவிட்டது. சொத்து விவரங்களைப் பதிவேற்ற 2025 ஜூன் 6 அன்று இணையதளம் திறந்தார்கள். அவகாசம் ஆறு மாதம். தவறவிட்டவர்கள் தீர்ப்பாயத்தை அணுகி மேலும் அவகாசம் கேட்கச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. உங்கள் முத்தவல்லி பதிவேற்றினாரா? ஒப்புகைச் சீட்டு எங்கே இருக்கிறது? இன்று இரவு வீட்டுக்குப் போகும் வழியில் அவர் கதவைத் தட்டிக் கேட்டுவிட்டுப் போங்கள்.